குருசடியில் நின்றவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் ஒரு துளி நம்பிக்கையும் கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் இன்றையதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். நீங்கள் சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் படிக்க வந்தவர், முகத்தை அப்படி வைத்துக்கொண்டு கேட்டால் நான் இதோடு நிறுத்திவிடுவேன். இன்னொன்று, பேய்க்கதை என்றால் நடுச்சாமம், நாய் ஊளை, கறுப்புப் பூனை எல்லாம் வரும் என்று காத்திருக்காதீர்கள். இது நடந்தது பகலில். மத்தியானச் சாப்பாடு செரிக்காத நேரம்.

என் அக்கா றீற்றாவின் கணவர் மரியதாஸ், எனக்கு அத்தான். மொன்றியலில் நானும் அவரும் ஒரே ட்ரக்கில் ஓடினோம். புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் சாமான் ஏற்றிக்கொண்டு, பெரிய ஆற்றின் தென்கரையைப் பிடித்துக் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் ஆறு கடலாகிவிடும், அதுதான் காஸ்பே கரை. அங்கே இருக்கிற சின்னச் சின்ன ஊர்க் கடைகளுக்கு இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பி வருவோம். ஒருவர் ஓட்டினால் மற்றவர் சீட்டுக்குப் பின்னால் படுத்துக்கொள்வார். அவருக்கு பியர்பொன்ட்ஸில் வீடு, அக்கா, இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் இரண்டும் பிரெஞ்சில்தான் வாயைத் திறக்கும், அத்தான் தமிழில்தான் ஏசுவார், அந்த வீட்டில் யாரும் யாரையும் முழுதாக விளங்கிக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் இரண்டும் ஓடி வந்து அவர் முதுகில் ஏறிவிடும்.

அந்தக் கரையில் ஓரிடத்தில் ரோட்டின் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் செங்குத்தாக மலை. நடுவில் ரோட்டுக்கு மட்டும்தான் இடம். குளிர்காலத்தில் கடற்காற்று பனியை அள்ளிக்கொண்டு போய் மலையின் நெற்றியில் அப்பி வைக்கும். ஒரு நாள் அது தாங்காது, அப்படியே கழன்று ரோட்டில் இறங்கும். அதனால் அந்த இடம் தொடங்கும்போது ஒரு பலகை, முடியும்போது ஒரு பலகை. பனிச்சரிவுப் பகுதி, வாகனம் நிறுத்தக்கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் அதை வாசிக்கத் தெரியும், தெரியாமல் செய்தோம் என்று யாரும் சொல்லவேண்டாம்.

இந்த இரண்டு பலகைக்கும் நடுவில், மலையடியில், ஒரு குருசடி இருந்தது. கியூபெக் முழுக்க ரோட்டோரம் பார்த்திருப்பீர்கள், மரச் சிலுவை, அதன் காலடியில் தகரக் கூரை போட்ட சின்னக் கூண்டு, உள்ளே மாதா. முதல் தடவை அந்த வழியால் போனபோதே அத்தான் கண்டுவிட்டார். "டேய், இஞ்சை பார், முறிகண்டி!" என்றார்.

உங்களுக்கு முறிகண்டி தெரிந்திருக்காது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகிற வீதியில், காட்டு நடுவில், ரோட்டோரம் ஒரு பிள்ளையார். எந்த பஸ்ஸும் லொறியும் அங்கே நிற்காமல் போகாது. இறங்கி, தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான், உங்கள் ஊர் வேர்க்கடலை, வாங்கிக் கொறித்துக்கொண்டு ஏறவேண்டும். நிற்காமல் போனால் வழியில் ஏதாவது நடக்கும். அத்தான் மன்னார்க் கத்தோலிக்கர், ஆனாலும் ஊரில் லொறி ஓடிய காலத்தில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, அதே கையால் சிலுவை போட்டுக்கொண்டு ஏறியவர்தான். டிரைவருக்கு ரோட்டுச் சாமி எல்லாம் ஒரே சாமி. அப்படித்தான் அந்த வெள்ளைக்காரன் குருசடி எங்கள் முறிகண்டி ஆனது. ஒவ்வொரு பயணமும் நிறுத்துவோம், அத்தான் இறங்கி ஒரு மெழுகுதிரி கொளுத்தி, அரைகுறையாக ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லிவிட்டு வந்து ஏறுவார்.

"அத்தான், நிப்பாட்டக் கூடாதெண்டு பலகை போட்டிருக்கு" என்று நான் சொன்னால், "அது கும்பிடாத சனத்துக்குப் போட்டது, நீ நிப்பாட்டு" என்பார். நான் சிரித்துக்கொண்டு நிறுத்துவேன். கோடையில் என்ன வந்தது? இலையுதிர் காலத்தில் என்ன வந்தது?

அந்த வருடம் மாசி மாதம். கிழமைக் கணக்கில் மூக்கு உடைந்து விழுகிற குளிர், பிறகு விடாமல் பனி கொட்டி, அதற்குப் பிறகு காற்று. நாங்கள் சாமான் இறக்கிவிட்டுத் திரும்புகிற அன்று காலை, நம்பினால் நம்புங்கள், மழை பெய்தது. மாசியில் மழை. மலைக்கு முன்னால் இருக்கிற கடைசி ஊரில் ஒரு டெப்பனர், சின்னப் பெட்டிக்கடை மாதிரி, இருந்தது, அதில் காப்பி வாங்குவோம். அந்தக் கடைக்காரி எங்களைத் தெரிந்தவள். காப்பியைக் கையில் தந்துவிட்டு மழையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அடியில் கிடப்பது சீனி மாதிரிப் பொலபொலத்த பழைய பனி, அதற்கு மேலே காற்று கொண்டுவந்து அப்பின புதுப் பனி, இப்போது அதற்கும் மேலே மழைத் தண்ணீரின் பாரம், இன்றைக்கு மலை இறங்கும், ரோட்டை இன்னும் மூடாமல் இருக்கிறார்கள் மடையன்கள் என்று பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். "அங்கே நிற்காதே. நேரே போ" என்று என் கையைத் தொட்டுச் சொன்னாள். இரண்டு பேரும் கேட்டோம். இரண்டு பேருக்கும் விளங்கியது.

நான்தான் ஓட்டினேன். முதல் பலகை வந்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

"என்ன, நிப்பாட்டேல்லையோ?"

"விசரே உங்களுக்கு? மனிசி என்ன சொன்னவள்?"

"போன பயணம் உன்ரை அவசரத்துக்கு நிப்பாட்டாமல் வந்து என்ன நடந்தது? டயர் வெடிச்சு ரெண்டு பேரும் சாகப் பாத்தம். மறந்து போனியோ?"

"டயர் பழசு அத்தான்!"

"எல்லாம் உனக்குப் பழசுதான். நல்லா இருக்கேக்கை நிண்டு கும்பிட்டுப்போட்டு, மலை விழப்போற நாளிலை மாதாவைக் கண்டும் காணாத மாதிரி ஓடுறதோ? இண்டைக்கெல்லோ நிக்கவேணும்!"

குருசடியைத் தாண்டிவிட்டேன். அவர் கத்தினார், நானும் கத்தினேன், ஒருநாளும் அவரை எதிர்த்துக் கதைக்காதவன் அன்றைக்கு வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். கடைசியில் அவர் ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்தார். நான் என்ன செய்ய? இரண்டாவது பலகையையும் தாண்டி, மலை விலகிப் போகிற இடத்தில், ஓரமாக நிறுத்தினேன். இந்த இடத்துக்கு எந்தப் பனியும் வராது, நீங்கள் வேண்டுமானால் நடந்து போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள், நான் வரமாட்டேன் என்றேன். "நீ வராட்டிப் போ, உனக்கும் சேத்துத்தான் கும்பிடப் போறன்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.

பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம்தான், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. மழை விட்டிருந்தது. குருசடிக்குப் போனார், தொப்பியைக் கழற்றி ஜாக்கெட் பைக்குள் வைத்தார், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தார். காற்றுக்குத் திரி பற்றவில்லை போலிருக்கிறது, குனிந்தபடியே நின்றார். குனிந்தபடியே. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குருசடிக்கு அந்தப் பக்கம் ரோட்டு வளைந்து மலைக்குப் பின்னால் மறைகிறது, அங்கே யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று என் கண்ணாடியில் தெரியாது. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது காற்று. அவ்வளவு பெரிய ட்ரக் தொட்டில் மாதிரி ஆடியது. கண்ணாடி வெள்ளையாகப் போனது. அதற்குப் பிறகு அந்த அமைதி இருக்கிறதே, கடல் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ட்ரக்கிலிருந்த ஷவலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரோட்டே இல்லை. வீட்டுக் கூரை உயரத்துக்குப் பனி, மலையிலிருந்து கடல் வரைக்கும். பனி என்றால் பஞ்சு என்று நினைக்காதீர்கள், விழுந்து நின்றதும் அது சீமெந்து. குருசின் தலை மட்டும் சாய்ந்தபடி வெளியே தெரிந்தது. அத்தான் நின்ற இடம் அதன் காலடி. எனக்குச் சந்தேகமே இல்லை, அங்கேதான் கிண்டவேண்டும். அதை நோக்கி, இடுப்பளவு புதைந்து புதைந்து, "அத்தான், அத்தான்" என்று அழுதுகொண்டு ஏறினேன்.

அப்போது அவரைக் கண்டேன்.

பனிமேட்டுக்கு மேலே, கடற்பக்கமாக, நின்றுகொண்டிருந்தார். அதே நீல ஜாக்கெட், தலையில் தொப்பி இல்லை, மேலெல்லாம் பனி. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! மாதாவே, மாதாவே என்று கத்தினேன். "அத்தான்! தப்பிட்டியள்! நான் செத்துப் போனியள் எண்டெல்லோ நினைச்சன்!" அவர் என் பக்கம் திரும்பவில்லை. கையை நேராக நீட்டி, தலை உயரத்துக்குத் தூக்கி, தனக்கு முன்னால், கடலோரத் தடுப்புக் கம்பி இருந்த பக்கம், ஓரிடத்தைக் காட்டியபடி நின்றார்.

அங்கே யாரோ அகப்பட்டிருக்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டேன். அத்தான் அப்படிப்பட்ட ஆள்தான், தான் தப்பினால் உடனே அடுத்தவனைப் பார்க்கிற ஆள். குருசை விட்டுவிட்டு, நேரே அவர் காட்டின இடத்துக்குப் போய்க் கிண்டத் தொடங்கினேன்.

நான் சந்தோஷமாகக் கிண்டினேன். அதுதான் என்னால் தாங்க முடியாத சங்கதி. வேர்க்க வேர்க்க, கை தோல் உரிய, வாய் ஓயாமல் அவரோடு கதைத்துக்கொண்டே கிண்டினேன். "அக்காட்டைச் சொல்லிக் குடுக்கிறன் பாருங்கோ. இனி எந்தச் சாமிக்கும் நிப்பாட்டமாட்டன். சும்மா நிக்காமல் ஒரு கை குடுங்கோவன்!" கோபம் இன்னும் ஆறவில்லை, அல்லது அதிர்ச்சியில் நிற்கிறார் என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவை நிமிர்ந்து பார்க்கும்போதும் அங்கேயே நின்றார், கை இறங்கவில்லை. பனியை எறிகிற பக்கத்தைக்கூட மாற்றிக்கொண்டேன், அவர் காலில் விழக்கூடாது என்று.

ஷவல் தகரத்தில் பட்டது. ஒரு சின்னச் சிவப்புக் கார். கண்ணாடியை உடைத்தேன். உள்ளே ஒரு பெண், முப்பது வயதிருக்கும், நெற்றியில் இரத்தம், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உயிரோடு. தோளைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, "அத்தான், உயிர் இருக்கு!" என்று திரும்பினேன்.

ஒருவரும் இல்லை.

காலடித் தடம் இருந்ததா என்று கேட்கப் போகிறீர்கள், அக்காவும் கேட்டாள். பார்க்கத் தோன்றவில்லை ஐயா. ட்ரக்குக்குப் போயிருப்பார், கம்பளி எடுக்கப் போயிருப்பார் என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ட்ரக்குக்குப் போய்க் கதவைத் திறந்து பார்க்கும்வரை அப்படித்தான் நினைத்தேன். உள்ளே அவருடைய காப்பிக் கோப்பை மட்டும் இருந்தது.

அங்கே செல்போன் எடுக்காது. பனி அள்ளுகிற வண்டிக்காரன் வந்து, அவன் ரேடியோவில் சொல்லி, போலீஸ் வந்து, ஊர்ச் சனம் நீளக் கம்பிகளோடு வந்து வரிசையாக நின்று குத்திக் குத்திப் பார்த்து, பொழுதுபடும் நேரத்தில் அவரை எடுத்தார்கள். குருசின் காலடியில். நான் முதலில் கிண்டப் போன அதே இடத்தில். ஆழமும் இல்லை, பனி அவரை மேலே தூக்கிவிட்டிருந்தது, ஒரு ஆள் தனியாகக் கிண்டி எடுக்கக்கூடிய ஆழம்தான். முகத்தைச் சுற்றிப் பனி உருகி உறைந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அது மூச்சுச் சூட்டில் வருவதாம். விழுந்ததும் சாகவில்லை, கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார் என்று ஒரு கிழவர் எனக்கு ஆறுதல் சொல்வது மாதிரிச் சொன்னார். ஐயோ, அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே அந்த மனிதர்.

மொன்றியலுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். அந்த ஊர்க்காரர் என்னை வீரன் என்றார்கள். கோவிலில் சனமும் அப்படியே, பிறத்தி உயிரைக் காப்பாற்றினான், சொந்த அத்தானைத்தான் பாவம் முடியவில்லை என்று முதுகைத் தடவினார்கள். நான் கண்டதை ஒருவருக்கும் சொல்லவில்லை, அக்காவுக்கு மட்டும் சொன்னேன். அவள் அழுதாள், ஆனால் அந்த அழுகையில் ஒரு நிம்மதி இருந்தது. "அவர் அப்பிடித்தான் தம்பி. தான் சாகக் கிடந்தாலும் முதல் மற்றாளைத்தான் பாக்கச் சொல்லுவார். ஆவியாய் வந்தும் உபகாரம் செய்துபோட்டுப் போயிருக்கிறார்" என்றாள். பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லி வைத்தாள். எனக்கும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நித்திரை வந்தது.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு அந்தப் பெண் வந்தாள். பிரான்சீன் என்று பெயர். நெற்றியில் தையல் போட்ட தழும்பு, கையில் பெரிய பூங்கொத்து. பூசை முடிந்து பியர்பொன்ட்ஸ் வீட்டில் சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் சமையலறைக்குள் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மெர்சி, மெர்சி என்று அழுதாள். பிறகு, ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்றாள். "நான் அங்கே நிறுத்துகிற ஆள் இல்லை, அந்தக் கரையில் பிறந்தவள், எனக்குத் தெரியும். வளைவால் திரும்புகிறேன், நீல ஜாக்கெட்டோடு உங்கள் கணவர் ரோட்டு நடுவில் நிற்கிறார், கையைத் தூக்கி நிறுத்து என்கிறார். அதனால்தான் பிரேக் போட்டேன்." எப்படி என்று அக்கா கேட்கவே இல்லை, பிரான்சீனே விலகி நின்று காட்டினாள், வலது கையை நேராக முன்னால் நீட்டி, தலை உயரத்துக்கு.

நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தவன். அத்தான் ரோட்டு நடுவில் நிற்கவில்லை, குருசடியில் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து நின்றார், பனி வந்து மூடுகிறவரைக்கும்.

அவள் போனபிறகு அக்கா தண்ணீர்க் குழாயைத் திறந்து கோப்பை கழுவத் தொடங்கினாள். எனக்கு முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"நீ கண்டதும் அப்பிடியே? அவள் காட்டின மாதிரியே?"

"ஓம் அக்கா."

"வலது கையோ?"

"ஓம்."

குழாயை மூடினாள். "தம்பி, அவரின்ரை வலது கை தோளுக்கு மேலை எழும்பாதெல்லோ."

எழும்பாது. எனக்குத் தெரியாதா? ஊரில் ஷெல் துண்டு தோளில் ஏறின நாளிலிருந்து அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பாது. ஸ்டியரிங் பிடிக்கும், சாப்பிடும், கும்பிடும், அவ்வளவுதான். ஜாக்கெட்டை அக்காதான் மாட்டிவிடுவாள். ட்ரக்கில் மேல்தட்டுப் பெட்டி அத்தனையும் நான்தான் இறக்குவேன். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவன், அந்தப் பனிமேட்டில் நின்று, நேராக எழும்பி நின்ற அந்தக் கையைப் பார்த்து, ஏன் எனக்கு அது உறைக்கவில்லை? சத்தியமாகச் சொல்கிறேன், அவருடைய முகத்தை அன்றைக்கு நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்பதே அந்தச் சமையலறையில் நின்றபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

நான் இப்போது ட்ரக் ஓடுவதில்லை, கிடங்குக்குள் வேலை. அக்கா என்னை ஒதுக்கவில்லை, ஞாயிறு தவறாமல் கூப்பிட்டுச் சோறு போடுவாள், பிள்ளைகள் என்னைக் கட்டிப்பிடித்து பொன்ஜூர் சொல்வார்கள். ஆனால் வருடம் ஒரு நாள், அத்தானின் ஆண்டுப் பூசை முடிந்து, எல்லோரும் போனபிறகு, என்னை உட்காரவைத்து ஒன்று கேட்பாள். கோபமாகக் கேட்பதில்லை. உண்மையிலேயே பதில் தெரியவேண்டும் என்பது போலத்தான் கேட்பாள். போன மாசியிலும் கேட்டாள்.

"என்ரை மனிசன் கீழை மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கேக்கை, தம்பி, நீ ஆரின்ரை சொல்லைக் கேட்டனி?"